நியாங்நியாங் கடை இப்போது எங்கே?

சீனாவின் சிச்சுவான் மாகாணத் தலைநகரான செங்டூவில் நான் அன்றாடம் சாப்பிட்ட கடைகளில் பாதிக்குப் பெயரே கிடையாது. பலகையில் நூடுல்ஸ் என்றோ வீட்டுச் சாப்பாடு என்றோ எழுதியிருக்கும், அவ்வளவுதான். உள்ளே நாலு மேசை, நடைபாதையில் சில பிளாஸ்டிக் முக்காலிகள், அடுப்பும் கல்லாவும் ஒரே இடத்தில். ஊர்க்காரர்கள் இந்த மாதிரி இடங்களை ஈக்கடை என்பார்கள். வசையாகச் சொல்வதில்லை; வெளியூரிலிருந்து விருந்தாளி வந்தால் பெருமையோடு கூட்டிப்போவதே அங்கேதான். 2010-இல் யுனெஸ்கோ இந்த ஊரை உணவுக்கலை நகரமாக அறிவித்தது. ஆசியாவில் முதலில் அந்தப் பெயரை வாங்கிய ஊர் இது. அதில் பெரிய ஓட்டல்களின் பங்கைவிட இந்தச் சந்துக் கடைகளின் பங்கு அதிகம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சிச்சுவான் பல்கலைக்கழகத்தின் வாங்ஜியாங் வளாகத்துக்குச் சீன மொழி படிக்கப் போனேன். படிப்பு முடிந்ததும் அங்கேயே வேலை கிடைத்தது, தங்கிவிட்டேன். 2015-இல் ஊர் திரும்பினேன். சீக்கிரமே ஒரு நடை போய்வர வேண்டும் என்ற நினைப்பு இருந்துகொண்டே இருந்தது. குடும்பம், வேலை என்று தள்ளிப்போனது. 2020-இல் சீனா எல்லையை மூடியது. 2023 ஜனவரியில்தான் மறுபடி திறந்தது. இதற்கு நடுவே, 2020 ஜூன் கடைசியில் இந்திய அரசு தடைசெய்த 59 செயலிகளில் வீசாட்டும் ஒன்று. அங்கே பழகிய எல்லோரும் அந்த ஒரு செயலிக்குள்தான் இருந்தார்கள். கூடப் படித்தவர்கள், வீட்டுக்காரர், சைக்கிள் பழுது பார்ப்பவர், காலையில் நூடுல்ஸ் போட்டுக் கொடுத்த அம்மா. கொஞ்ச நாளிலேயே அத்தனை பேரும் கையை விட்டுப் போனார்கள். தொலைபேசி எண்ணை எழுதி வைக்கும் பழக்கமெல்லாம் அங்கே எப்போதோ போய்விட்டிருந்தது.

2024 இலையுதிர் காலத்தில் சிங்கப்பூர் வழியாகப் போனேன். நான் இருந்த காலத்தில் ஷுவாங்லியூ விமான நிலையம் ஒன்றுதான். இப்போது 2021-இல் திறந்த தியென்ஃபூ நிலையத்தில் இறக்கிவிடுகிறார்கள். அங்கிருந்து 18-ஆம் எண் மெட்ரோ நேரே தெற்கு ரயில் நிலையத்துக்கு வருகிறது. நான் முதன்முதலில் வந்தபோது ஊரில் மெட்ரோ என்றால் 2010-இல் தொடங்கிய ஒரே ஒரு தடம். இப்போது வரைபடத்தைப் பார்த்தால் எங்கே ஏறி எங்கே இறங்குவது என்று நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. காசு கொடுப்பதும் மாறிவிட்டது. அப்போது சட்டைப்பையில் கசங்கிய ஒரு யுவான் நோட்டுகள் எப்போதும் இருக்கும். இப்போது சந்தையில் பச்சைப் பட்டாணி விற்கும் பாட்டியும் க்யூஆர் அட்டையைத்தான் நீட்டுகிறார். 2023-இலிருந்து வெளிநாட்டு வங்கி அட்டையையும் அலிபே என்ற பணம் செலுத்தும் செயலியில் இணைத்துக்கொள்ளலாம் என்பதால் எனக்குச் சிரமம் இல்லை.

முதல் நாள் காலையிலேயே மோஸிச்சியாவ் போனேன். பல்கலைக்கழகத்துக்குப் பின்னால் ஒரு சந்து. அதன் வாயில் நியாங்நியாங்கின் நூடுல்ஸ் கடை. சிச்சுவான் பேச்சில் அம்மா வயதுப் பெண்களை நியாங்நியாங் என்றுதான் கூப்பிட வேண்டும். ஊருக்கே அவர் நியாங்நியாங். அவருடைய சொந்தப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. அந்த இடத்தில் இப்போது பழத்தேநீர்க் கடை. வெள்ளைச் சுவர், வெள்ளை விளக்கு, வாசலில் வரிசையாக மாணவர்கள். சந்து முழுவதையும் சாம்பல் நிற ஓடு போட்டுப் புதுக்கியிருந்தார்கள். செங்டூவில் 2023-இல் உலகப் பல்கலைக்கழக விளையாட்டுப் போட்டிகள் நடந்தன. அதை ஒட்டி ஊரெங்கும் இந்த மாதிரி வேலைகள் நடந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. மழைநீர் தேங்கவில்லை, மின்கம்பிகள் தலைக்கு மேல் தொங்கவில்லை. சைக்கிள் பழுது பார்ப்பவர் மட்டும் நம்மூர்ப் புளியமரத்தடிப் பழுதுக்காரர் மாதிரி அதே நிதானத்தோடு, அதே மூலையில், இப்போது மின்ஸ்கூட்டர்களுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார்.

அவரிடம் கேட்டேன். தலையைத் தூக்காமலே பதில் வந்தது. “நியாங்நியாங்கா? வாடகை ஏறிடுச்சு, போயிட்டாங்க. மூணாம் வட்டச்சாலைப் பக்கம், சந்தைக்குப் பக்கத்துல. நான் ஞாயித்துக்கிழமை அங்கதான் போய்ச் சாப்பிடுறேன்.” அங்கே போக மெட்ரோவில் முக்கால் மணி நேரம் ஆகும். ஒரு கிண்ணம் நூடுல்ஸுக்காக இந்த மனிதர் ஞாயிறுதோறும் அவ்வளவு தூரம் போகிறார் என்றதும் எனக்குத் தெம்பு வந்துவிட்டது. வழியைப் பேசியில் வரைபடமாகவே அனுப்பினார். இறங்கியவுடன் புது எண்ணில் வீசாட் போட்டிருந்தேன். அதில் நான் சேர்த்துக்கொண்ட முதல் ஆள் அவர்.

காய்கறிச் சந்தையின் பின்வாசலை ஒட்டி, அடுக்ககக் குடியிருப்பின் தரைத்தளத்தில் கடை இருந்தது. பழைய கடையைவிடக் கொஞ்சம் பெரிது. இப்போதும் பெயர் இல்லை. நியாங்நியாங்குக்கு முடி முழுக்க நரைத்திருந்தது. என்னைப் பார்த்துவிட்டு, கையிலிருந்த கரண்டியை வைக்காமலே, “எர் லியாங், காரம் அதிகம், கீரை வேணும்” என்றார். என் பெயரையோ ஊரையோ சொல்லவில்லை. நான் என்ன கேட்பேன் என்பதைச் சொன்னார். அங்கே நூடுல்ஸை எடைக் கணக்கில் கேட்பார்கள். ஒரு லியாங் என்றால் 50 கிராம், எர் லியாங் என்றால் 100. அது வேகவைப்பதற்கு முந்தைய எடை. பசியைப் பொறுத்து ஒன்று, இரண்டு, மூன்று என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்ளலாம்.

நான் எப்போதும் சாப்பிடுவது தான்தான் மியென். ஒரு காலத்தில் தோளில் காவடிக்கழி வைத்து, ஒரு பக்கம் அடுப்பும் மறுபக்கம் சாமானுமாகத் தெருத்தெருவாக விற்ற நூடுல்ஸ் இது. கிண்ணம் சின்னதாகத்தான் இருக்கும். அடியில் சோயா சாறு, வினிகர், துளி சர்க்கரை, எள் விழுது, மிளகாய் எண்ணெய், சிச்சுவான் மிளகு எனப்படும் ஹுவாஜியாவின் பொடி. அதன்மேல் வெந்த நூடுல்ஸ். மேலே மொறுமொறுவென்று வதக்கிய பன்றிக் கொத்துக்கறியும், யிபின் பக்கத்திலிருந்து வரும் யாத்ஸாய் என்ற கடுகுக்கீரை ஊறுகாயும், பொடித்த வேர்க்கடலையும். வந்ததும் சாப்பிடக் கூடாது. குச்சியை அடிவரை விட்டு, நூடுல்ஸ் ஒவ்வொன்றிலும் சிவப்பு ஏறும்வரை கிளற வேண்டும். இதில் அவசரப்படுகிறவர்களை நியாங்நியாங் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். வந்து கிண்ணத்தை வாங்கித் தானே கிளறிக் கொடுத்துவிட்டுப் போவார்.

ருசி அப்படியே இருந்தது என்று எழுதினால் பாதிதான் உண்மை. வினிகர் கூடியிருந்தது, எள் விழுது குறைந்திருந்தது. கேட்டேன். புது இடத்தில் வருகிறவர்களில் வயதானவர்கள் அதிகம், அவர்களுக்கு எள் கனமாக இருக்கிறது என்று காரணம் சொன்னார். ஆனால் அந்த மிளகாய் எண்ணெய் அதேதான். மதியம் இரண்டு மணிக்குக் கடை சாத்திய பிறகு மறுநாளைக்கான எண்ணெயைக் காய்ச்சுவார் என்பது எனக்குத் தெரியும். இருந்து பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

சிச்சுவான் சமையலுக்கு அடிப்படை, வறுத்த விதையில் ஆட்டிய கடுகினத்து எண்ணெய். ராப்சீடு என்று சொல்கிறோமே அது. பச்சையாக அதன் வாடை மூக்கில் ஏறும். நியாங்நியாங் பெரிய இரும்புக் கடாயில் அதைப் புகை எழும்வரை காய்ச்சி, அடுப்பை அணைத்தார். சூடு கொஞ்சம் தணிந்ததும் நசுக்கிய இஞ்சியையும் வெங்காயத்தாளையும் போட்டுப் பொரித்து எடுத்து எறிந்தார். இன்னொரு பக்கம் இரண்டு வகை மிளகாயை அரைக் கரண்டி எண்ணெயில் வறுத்து, கல்லுரலில் இடித்து வைத்திருந்தார். நிறத்துக்கும் மணத்துக்கும் எர்ஜிங்தியாவ் என்ற நீள மிளகாய், உறைப்புக்கு வேறொரு குட்டை மிளகாய். பீங்கான் தொட்டியில் மிளகாய்ப் பொடி, அதன்மேல் வெள்ளை எள். எண்ணெயை ஒரே மூச்சில் ஊற்றுவதில்லை. முதல் கரண்டி விழுந்ததும் பொடி பொங்கி, நுரைத்து, வறுத்த வாசனை எழும்பியது, அது மணத்துக்கு. கொஞ்ச நேரம் பொறுத்து இரண்டாம் கரண்டி, அது நிறத்துக்கு. இன்னும் ஆறியபின் மூன்றாவது, மிளகாயின் உறைப்பு எண்ணெயில் இறங்குவதற்கு. வெப்பமானி எதுவும் இல்லை. கடாயின் மேல் உள்ளங்கையை நீட்டிப் பார்த்துத்தான் அடுத்த கரண்டியை எடுத்தார். மூடிவைத்து ஓர் இரவு ஊறினால்தான் மறுநாள் கிண்ணத்துக்கு வரும். பழைய கடையிலிருந்து அவர் எடுத்துவந்தது இந்தத் தொட்டியும் உரலும் மட்டும்தான். மேசை நாற்காலியெல்லாம் புதுசு.

ஹுவாஜியாவ் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது இல்லாமல் இந்த ஊர்ச் சாப்பாட்டைப் பேச முடியாது. பெயரில் மிளகு என்றாலும் மிளகுக்கும் அதற்கும் உறவில்லை. எலுமிச்சைக் குடும்பத்துச் செடி. கொங்கணக் கரையில் மீன் குழம்பில் போடும் திர்ஃபல் இதன் நெருங்கிய சொந்தம். விதையை எறிந்துவிட்டு மேல்தோலைத்தான் பயன்படுத்துவார்கள். வாயில் பட்டால் உறைக்காது. உதடும் நாக்கும் நடுங்கும். 2013-இல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள், ஹுவாஜியாவ் தடவிய உதட்டில் உணரும் அதிர்வை விரலில் தரும் இயந்திர அதிர்வோடு ஒப்பிடச் சொல்லி அளந்து, அது விநாடிக்கு 50 அதிர்வு அளவில் இருக்கிறது என்று கண்டார்கள். உதடு உண்மையில் அசைவதில்லை. தொடுவுணர்வு நரம்புகளை அது தட்டி எழுப்புகிறது. ஊர்க்காரர்களுக்கு ஹான்யுவான் பக்கத்து ஹுவாஜியாவ்தான் உசத்தி. மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலில் வந்து, அதற்கும் வெகுகாலம் கழித்துத்தான் சிச்சுவான் அடுப்பில் ஏறியது. ஹுவாஜியாவ் அதற்குப் பல நூறு ஆண்டுகள் முன்பே இந்த மண்ணில் இருந்தது. புதுசாகப் போகிறவர்கள் மிளகாய்க்குப் பயப்படுகிறார்கள். நம் ஆட்களுக்கு மிளகாய் பிரச்சினையே இல்லை. இந்த நடுக்கத்துக்குத்தான் பழக வேண்டும். பழகிவிட்டால் அது இல்லாத காரம் முழுமையாகத் தோன்றாது.

மாப்போ தோஃபு சாப்பிட இந்த முறை இரண்டு இடங்களுக்குப் போனேன். 1862 வாக்கில் ஊரின் வடக்கு வாசலுக்கு வெளியே, வான்ஃபூ பாலத்தருகே சென் குடும்பத்தார் நடத்திய சிறு கடையில் பிறந்த, சோயாப் பால்கட்டியில் செய்யும் சமையல் இது. எண்ணெய்ப் பீப்பாய் சுமந்து போகும் கூலியாட்கள் அங்கே இளைப்பாறுவார்கள். கையிலிருந்த எண்ணெயில் கொஞ்சத்தைக் கொடுத்துச் சமைத்துத் தரச் சொல்வார்கள். சென் வீட்டு அம்மாவின் முகத்தில் அம்மைத் தழும்பு இருந்ததால் அவரை மாப்போ, அதாவது தழும்பு முகத்து அம்மா, என்பார்கள்; அவர் செய்த தோஃபுவுக்கும் அந்தப் பெயரே நின்றுவிட்டது. இன்று உலகமெங்கும் எது எதையோ அந்தப் பெயரில் விற்கிறார்கள். உழைப்பாளிகளின் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளச் செய்ததை வெறுமனே ஸ்பூனால் எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, எண்ணெய் அதிகம் என்று குறை சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். அது சோற்றோடு சாப்பிட வேண்டியது. ஒரு வாய் தோஃபுவுக்கு மூன்று வாய் சோறு.

முதலில் போனது சுற்றுலாக் கையேடுகளில் தவறாமல் வரும் ஒரு பழம்பெயர்க் கடை. எந்தக் கடை என்று சொல்லப்போவதில்லை. நான் மாணவனாக இருந்தபோது யாராவது விருந்தாளி வந்தால் கூட்டிப்போன இடம். இந்த முறை தோஃபு வந்ததும் தெரிந்துவிட்டது. மேலே தூவிய ஹுவாஜியாவ் பொடியில் மணமில்லை; நாள்பட்ட பொடி. சாறு தோஃபுவை ஒட்டாமல் தட்டில் தனியாக ஓடியது. மேசை, பீங்கான், சுவரில் பழைய செங்டூவின் புகைப்படங்கள், பரிமாறும் பெண்களின் உடை எல்லாம் முன்பைவிட அழகு. பக்கத்து மேசைகளில் உள்ளூர்ப் பேச்சு ஒரு வார்த்தைகூடக் காதில் விழவில்லை.

மறுநாள் போனது பழைய அலுவலகத்துக்குப் பின்னால், தொழிலாளர் குடியிருப்பின் மதிலை ஒட்டிய கடை. அந்தக் காலத்தில் புருஷன் அடுப்பில், மனைவி கல்லாவில். கடையும் இடமும் மாறவில்லை, அடுப்பில் மட்டும் மகன் நின்றான். அப்பா ஒரு முக்காலியில் உட்கார்ந்து பூண்டுத்தாள் நறுக்கிக்கொண்டு, கண்ணை மட்டும் கடாயிலேயே வைத்திருந்தார். நானும் அங்கேயே நின்று பார்த்தேன். தோஃபுவை உப்புத் தண்ணீரில் ஒரு கொதி விட்டு எடுத்து வைத்தான். மாட்டுக் கொத்துக்கறியை ஈரம் வற்றி மொறுமொறுப்பாகும்வரை வறுத்தான். அடுத்தது தௌபான், அந்தச் சிவப்புப் பருப்பு விழுது. அதைக் குறைந்த தீயில் வதக்க, எண்ணெய் மெல்லமெல்லச் சிவந்தது. கறுப்பு சோயா ஊறல், மிளகாய்ப் பொடி, ஒரு கரண்டி எலும்புச் சாறு, பிறகு தோஃபு. கரண்டியின் பின்பக்கத்தால் தள்ளினானே ஒழியக் கிளறவில்லை; ஒரு துண்டும் உடையவில்லை. மாவுக் கரைசலை ஒரேயடியாக ஊற்றாமல் மூன்று தடவையாக ஊற்றினான். முதல் தடவைக்குப் பின் சாறு தோஃபுவைப் பிடித்தது, மூன்றாவதுக்குப் பின் எண்ணெய் தெளிந்து மேலே மிதந்தது. இறக்கும்போது அப்பா ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: “இன்னும்.” மகன் ஹுவாஜியாவ் பொடியை இன்னொரு சிட்டிகை தூவினான்.

அந்தத் தௌபான் பற்றி நான் மணிக்கணக்கில் பேசுவேன். செங்டூவுக்கு வடமேற்கே இருக்கும் பிஷியென்தான் அதற்குப் பேர்போன இடம். அகலவரைப் பருப்பும், அதே எர்ஜிங்தியாவ் மிளகாயும், உப்பும். பெரிய மண் தாழிகளில் போட்டு, பகலில் திறந்து வெயிலில் வைத்து, தினமும் கிளறி, இரவில் பனி விழ விட்டு, மழை வந்தால் மூடி, ஓர் ஆண்டோ அதற்கு மேலோ காத்திருப்பார்கள். நாளாக ஆக நிறம் சிவப்பிலிருந்து கருஞ்சிவப்புக்குப் போகும், வாசனை ஆழமாகும். மாணவக் காலத்தில் ஒருமுறை அந்தத் தாழிகள் வரிசையாக நிற்கும் முற்றத்துக்குப் போயிருக்கிறேன். வெயில் ஏறிய நேரத்தில் காற்றே உப்பும் காரமுமாக இருந்தது. செங்டூவில் வெயில் குறைவு, மேகமூட்டம்தான் அதிகம். அந்தக் கொஞ்ச வெயிலையும் தாழிக்குள் சேர்த்து வைக்கிற பொறுமைதான் அந்த விழுது.

இரண்டு கடைகளையும் அடுத்தடுத்த நாளில் சாப்பிட்டதால்தான் எனக்கு ஒன்று தெளிவானது. கடையின் பெயரும் முகவரியும் ருசியை வைத்திருக்க உதவுவதில்லை. அடுப்பில் நிற்பவரின் கையும், தினமும் வந்து சாப்பிட்டுக் குறை சொல்கிற ஆட்களும் சேர்ந்துதான் அதை வைத்திருக்கிறார்கள். பழம்பெயர்க் கடைக்கு வருகிறவர் வாழ்க்கையில் ஒருமுறை வருகிறார், படம் எடுக்கிறார், போகிறார். பொடி பழசு என்று யாரும் சொல்வதில்லை. மதிலோரக் கடையில் தினமும் மதியம் வரும் கிழவர் ஒருவர் உப்பு ஒரு கல் கூடினாலும் தட்டைத் திருப்பிக் கொண்டுபோய் வைப்பதை நான் அந்தக் காலத்திலேயே பார்த்திருக்கிறேன். அவர் இருக்கிறாரா என்று கேட்டேன். இருக்கிறாராம், இப்போது மகனைத் திட்டுகிறாராம்.

பிரபலமான இடமென்றாலே சரியில்லை என்று சொல்லவில்லை. வென்ஷு மடாலயத்துக்கு எதிரே தோங்ஸிகோவ் சாங் லாவ்ஏர் கடைக்கு வெளியூர்க்காரர்கள் எவ்வளவு வருகிறார்களோ அவ்வளவு உள்ளூர்க்காரர்களும் வருகிறார்கள். வாசலில் சீட்டு வாங்கி, ஜன்னலில் கொடுத்து, கிண்ணத்தை நாமே எடுத்துப்போய் இடம் கிடைத்த இடத்தில் உட்கார வேண்டும். பட்டாணி மாவில் செய்த லியாங்ஃபென் பாளங்கள் ஒரு பக்கம், எனக்குப் பிடித்த தியென்ஷுவெய் மியென் இன்னொரு பக்கம். பென்சில் கனத்துக்குக் கையால் வெட்டிய நூடுல்ஸ். ஒரு கிண்ணத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே இருக்கும். மசாலாவும் வெல்லச் சர்க்கரையும் சேர்த்துச் சுண்டக் காய்ச்சிய சோயா சாறு, மிளகாய் எண்ணெய், பூண்டு, எள். முதலில் இனிப்பு, பிறகு உறைப்பு, மெல்ல மெல்ல மாவின் ருசி. பல்லுக்கு வேலை உண்டு. எதிரே உட்கார்ந்திருந்த பாட்டி பேரனுக்கு ஒவ்வொரு நூடுல்ஸையும் குச்சியால் இரண்டாக வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். சைவக்காரர்களுக்கும் இந்தத் தெரு நல்ல இடம். மடாலயத்திலேயே சைவ உணவகம் இருக்கிறது; சோயாவிலும் காளானிலும் கோதுமைப் பசையிலும் சிச்சுவானின் அத்தனை ருசிகளையும் கொண்டுவந்துவிடுகிறார்கள். நண்பர்களில் சிலர் செங்டூவில் பட்டினி கிடக்க வேண்டியிருக்கும் என்று பயந்து வந்து, இங்கேதான் தெளிந்தார்கள்.

ஒரு மதியம் மக்கள் பூங்காவில் போனது. 1911-இல் ரயில்பாதையை அரசு கையகப்படுத்தியதை எதிர்த்து சிச்சுவான் மக்கள் எழுந்த போராட்டத்தின் நினைவுத்தூண் இந்தப் பூங்காவில்தான் நிற்கிறது. அப்போது சீனாவை ஆண்ட சிங் வம்ச அரசு கவிழ்ந்த வரலாற்றில் அந்தப் போராட்டத்துக்கு முக்கிய இடம் உண்டு. அதிலிருந்து சற்று நடந்தால் ஹெமிங் தேநீர்ச்சாலை, 1920-களிலிருந்து இருக்கிறது. மூங்கில் நாற்காலி, மூடி போட்ட கிண்ணத்தில் மல்லிகைத் தேநீர். ஒரு கிண்ணத்துக்குக் காசு கொடுத்தால் நாள் முழுக்க வெந்நீர் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். காது குடைகிறவர்கள் இடுக்கியைத் தட்டி ஓசை எழுப்பியபடி நடப்பார்கள். கூட்டம் முன்பைவிட அதிகம். இருந்தும் சீட்டாடும் கிழவர்கள் அவரவர் மேசையை விடவில்லை.

கூடப் படித்தவர்களில் மூன்று பேரைக் கண்டுபிடிக்க முடிந்தது. எங்கே சந்திப்பது என்ற கேள்வியே எழவில்லை. யூலின் பக்கம் சுவான்சுவான் கடைக்குத்தான். கறி, குடல், தாமரைத்தண்டு, உருளை, காளான் எல்லாம் மூங்கில் குச்சியில் குத்தி அலமாரியில் அடுக்கியிருக்கும். வேண்டியதை அள்ளிக்கொண்டு வந்து, மேசை நடுவே மாட்டுக் கொழுப்பும் மிளகாயும் ஹுவாஜியாவும் கொதிக்கும் சட்டியில் செருக வேண்டும். கடைசியில் வெறுங்குச்சிக் கணக்கில் பணம். ஆளுக்கொரு கிண்ணத்தில் நல்லெண்ணெயும் நசுக்கிய பூண்டும். சட்டியிலிருந்து எடுத்ததை அதில் தோய்த்தால் சூடும் தணியும், உறைப்பும் அடங்கும். அங்கே நல்லெண்ணெய் வாசம் வந்ததும் ஊர் நினைப்பு வரும் என்று அந்த நாளில் அவர்களிடம் சொல்லியிருக்கிறேன். அதை நினைவு வைத்து எனக்கு இரண்டு குப்பி எண்ணெய் கேட்டு வாங்கினாள் ஒருத்தி.

சாப்பாடு பாதியில் இருக்கும்போது, 2020-க்குப் பிறகு நான் ஏன் பதில் எழுதவில்லை என்று கேட்டார்கள். செயலிக்குத் தடை வந்த கதையைச் சொன்னேன். அவர்களில் ஒருவனுக்கு அது தெரியவே தெரியாது. என்னவோ கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான். “நாலு வருஷமா நான் என்ன தப்பா சொன்னேன்னு யோசிச்சுட்டிருந்தேன்” என்றான். அதற்குமேல் யாரும் பேசவில்லை, அவன் தட்டில் குச்சிகளை எடுத்து வைத்தேன். மின்னஞ்சல், வீட்டு முகவரி என்று எல்லாவற்றையும் தாளில் எழுதி வாங்கிக்கொண்டுதான் எழுந்தோம்.

ஒன்று மட்டும் கிடைக்கவில்லை. பல்கலைக்கழக வாசலுக்குச் சற்றுத் தள்ளி, பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் தான்ஹோங்காவ் போடும் தாத்தா ஒருவர் வருவார். உள்ளங்கை அகலச் செம்புச் சட்டிகள், ஒவ்வொன்றுக்கும் தனி மூடி. நம் ஆப்பச்சட்டியைக் குழந்தை விளையாட்டுக்குச் சுருக்கியது மாதிரி. முட்டையும் மாவும் கரைத்து ஊற்றி, ஓரம் பொன்னிறமானதும் உள்ளே எள்ளும் சர்க்கரையுமோ, காரம் போட்ட உருளைத் துருவலோ வைத்து, மடித்து, தாளில் சுற்றிக் கொடுப்பார். பள்ளிக்கூட வாசலில் கேட்டேன். மகளோடு மெய்ஷானுக்குப் போய்விட்டார் என்றார் காவல்காரர். கூடவே, “அடுத்த தெருவில ஒரு பொண்ணு போடுது, போய்ப் பாரு” என்றார்.

போனேன். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். ஆறு சட்டிகளையும் ஒரே நேரத்தில் திருப்பிக்கொண்டிருந்தாள், பக்கத்தில் வரிசை. தாத்தாவின் பலகாரத்தைத் தேடிப் போன மனசு சமாதானம் ஆகாது என்றுதான் நினைத்தேன். உருளைத் துருவல் வைத்தது ஒன்று வாங்கினேன். ஓரம் மொறுமொறு, நடுவில் பஞ்சு, உள்ளே ஊறுகாய்க் காரம். தாத்தா போட்டதைவிட நன்றாக இருந்தது. திரும்ப வரிசையில் போய் நின்று, எள் வைத்தது ஒன்றும் வாங்கினேன்.